முதல் கிராஸ் கன்ட்ரி ஓட்டம்: சேற்றில் இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இங்கிலாந்தில் ஏதாவது ஓட்டக் கிளப்பில் சேர்ந்திருந்தீர்கள் என்றால், செப்டம்பர் கடைசியில் கேப்டனிடமிருந்து ஒரு செய்தி வரும்: "கிராஸ் கன்ட்ரி சீசன் தொடங்குகிறது, ஆள் வேண்டும், யார் யார் வருகிறீர்கள்?" புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு, இது வேகமாக ஓடுகிறவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கேப்டன் தேடுவது வேகமானவர்களை மட்டும் அல்ல. அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். பட்டியலை நிரப்ப அவருக்கு உங்களைப் போன்றவர்கள்தான் தேவை. ஏன் என்பது புள்ளிக் கணக்கைப் பார்த்தால் புரியும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பூங்காவில் பார்க்ரன் (வாராவாரம் நடக்கும் இலவச ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்) ஓடியிருக்கிறீர்கள், சாலையில் ஒன்றிரண்டு பத்து கிலோமீட்டர் ஓட்டமும் முடித்திருக்கிறீர்கள், ஆனால் புல், சேறு, மேடு, காட்டுப்பாதை எல்லாம் கலந்த தடத்தில் இதுவரை போட்டியிட்டதில்லை. அப்படிப்பட்டவருக்காக எழுதுகிறேன். லண்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு அலெக்ஸாண்ட்ரா பேலஸ், லாயிட் பார்க், விம்பிள்டன் காமன் எல்லாம் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடக்கூடிய தூரம்தான்.

புள்ளிக் கணக்கு

முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, எண்பதாவதுக்கு 80. ஒரு கிளப்பின் முதல் சில பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தக் கிளப்புக்குக் குறைவோ அதுதான் ஜெயித்தது. எத்தனை பேரைக் கூட்டுவது என்பது லீக்குக்கு லீக், அதாவது சீசன் முழுக்கப் பல கிளப்புகள் மோதும் தொடருக்குத் தொடர், மாறும். சர்ரே லீக்கில் ஆண்களுக்குப் பத்துப் பேர், பெண்களுக்கு ஐந்து பேர்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெண்கள் ஓட்டத்தில் 160 பேர் ஓடுகிறார்கள். உங்கள் கிளப் 4, 19, 33, 60, 118 ஆகிய இடங்களில் வருகிறது. மொத்தம் 234. பக்கத்து ஊர்க் கிளப்பின் நால்வர் 12, 15, 20, 41 என்று வந்துவிட்டார்கள், ஆனால் ஐந்தாவது ஆள் இல்லை. பல லீக்குகளில் ஆள் இல்லாத இடத்துக்குக் கடைசியாக வந்தவருக்கும் பின்னால் ஓர் இடத்தை அபராதமாகப் போடுவார்கள். 161-ஐச் சேர்த்தால் அவர்களுக்கு 249. ஜெயித்தது நீங்கள். ஜெயிக்க வைத்தது நான்காவதாக வந்த வேகக்காரி அல்ல, சேற்றில் மூச்சிரைக்க 118-ஆவதாக வந்த பெண்தான். வேறு சில லீக்குகளில் ஆள் குறைந்தால் அணியையே கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கே அந்த ஐந்தாவது ஆளின் மதிப்பு இன்னும் அதிகம்.

தன் கிளப்பின் முதல் பத்துப் பேருக்குள் வரமுடியாதவருக்கும் வேலை இருக்கிறது. எதிரணியின் எட்டாவது ஆளையோ ஒன்பதாவது ஆளையோ முந்திவிட்டால் பல லீக்குகளில் அவர்கள் கணக்கில் ஒரு புள்ளி கூடும். அதனால்தான் கூட்டத்தின் நடுவில், யாருமே பார்க்காத 140-ஆவது இடத்துக்குக்கூட இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு மோதுவார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இங்கே நேரத்துக்கு மதிப்பில்லை, இடத்துக்குத்தான். தடத்தின் தூரம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், அளந்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும். போன வருடம் காய்ந்து கிடந்த மைதானம் இந்த வருடம் குளமாக இருக்கும். ஆகவே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவதே முதல் ஓட்டத்துக்கு நல்லது. மனசு கேட்கவில்லை என்றால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஓடும்போது பார்க்காதீர்கள். சாலையில் உங்களுக்கு இருக்கும் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது கூடும். சேறு அதிகம் என்றால் ஒரு நிமிடமும் கூடலாம். அதைப் பார்த்து மனம் உடைந்து போனவர்கள் உண்டு.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஹாரியர் லீக்கில் இன்னும் சுவாரசியமான ஏற்பாடு ஒன்று உண்டு. மெதுவான கூட்டத்தை முதலில் அனுப்பிவிட்டு, நடுத்தரக் கூட்டத்தையும் வேகமான கூட்டத்தையும் சில நிமிடங்கள் தாமதித்து அனுப்புவார்கள். முன்னணியில் முடித்தால் அடுத்த முறை பின்னால் கிளம்பும் கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். புதியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கமுடியாது. தெற்கில் யாராவது இதைத் தொடங்கினால் தேவலை.

சேர்வதும் பெயர் கொடுப்பதும்

லீக் ஓட்டங்கள் கிளப்புகளுக்கானவை. தனியாகப் போய்ப் பணம் கட்டி ஓடமுடியாது. கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும், கிளப் உங்களை இங்கிலாந்து அத்லெட்டிக்ஸ் என்ற தடகள அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஏப்ரல் முதல் மார்ச் வரை செல்லும். சேரும் படிவத்தில் "முதல் உரிமை" எந்தக் கிளப்புக்கு என்று கேட்பார்கள். இரண்டு கிளப்பில் இருந்தாலும் போட்டியில் அந்த ஒன்றுக்குத்தான் ஓடமுடியும். ஏற்கெனவே பல்கலைக்கழகத்துக்கோ வேறு ஊர்க் கிளப்புக்கோ ஓடியிருந்தால், இதை முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் உங்கள் இடத்தை அடித்துவிடுவார்கள், அணிக்குத்தான் நஷ்டம்.

லீக் ஓட்டங்களுக்குப் பெரும்பாலும் கிளப்பே பணம் கட்டிவிடும். "வருகிறேன்" என்று கேப்டனிடம் சொன்னால் போதும். கவுண்டி, தென்பிராந்தியம், தேசியம் போன்ற சாம்பியன்ஷிப்களுக்கு மட்டும் வாரக்கணக்கில் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும்.

கிளப் பனியன் (கிளப் நிறத்தில் இருக்கும் கையில்லாத ஓட்டச் சட்டை) கட்டாயம். அதற்குள்ளே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், ஆனால் வெளியே தெரிவது கிளப் நிறமாக இருக்க வேண்டும். பனியன் வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அல்லது யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

காலணி

புதியவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான், பணம் வீணாவதும் இதில்தான். சாலைக் காலணியில் ஓடலாமா என்று கேட்பார்கள். ஓடலாம், ஆனால் ஈரப் புல்லில் இறக்கம் வந்தால் கால் நிற்காது. மற்றவர்கள் பாய்ந்து போகும் இடத்தில் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குபவர் போல இறங்குவீர்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்பைக்ஸ். முன்பாதத்தின் அடியில் ஆணி திருகும் ஓட்டைகள் உள்ள, எடை குறைந்த காலணி. இன்னொன்று, அடியில் ஆழமான ரப்பர் கட்டைகள் உள்ள டிரெயில் காலணி அல்லது மலையோட்டக் காலணி. தடம் முழுக்கப் புல்லும் சேறும் என்றால் ஸ்பைக்ஸை மிஞ்ச ஒன்றும் இல்லை. சரளைப் பாதை, தார்ச்சாலை, மரவேர், கல் எல்லாம் கலந்து வந்தால் ரப்பர் அடிதான் நல்லது, ஏனென்றால் ஆணி தாரில் வழுக்கும், பாதமும் நோகும். தார்ப்பாதை குறுக்கே வருகிற ஒரே ஓர் இடம் என்றால் சில மைதானங்களில் பழைய கம்பளத்தை விரித்து வைத்திருப்பார்கள். அதன்மேல் ஸ்பைக்ஸோடு ஓடிக் கடந்துவிடலாம்.

தடம் எப்படி என்று கேப்டனுக்கோ கிளப்பில் பழகியவர்களுக்கோ தெரிந்திருக்கும். "லாயிட் பார்க்குக்கு என்ன போடுவீங்க?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும், ஆனால் சேறு எந்த மூலையில் என்பதில் மூவரும் ஒத்துப்போவார்கள்.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்கமுடியும் என்றால் ரப்பர் கட்டை வைத்ததையே வாங்குங்கள். பயிற்சிக்கும் உதவும், விடுமுறையில் மலைக்குப் போனாலும் உதவும். அடுத்த சீசனும் ஓடுவது என்று முடிவான பிறகு ஸ்பைக்ஸ் வாங்கலாம். விலை உயர்ந்தது தேவையில்லை, ஐந்தாறு சேற்று ஓட்டத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே நிறம்தான்.

ஸ்பைக்ஸ் வாங்கியவர்களுக்கு ஆணியின் நீளம் பற்றி. 6 மில்லிமீட்டர் தடகள மைதானத்துக்கு. காய்ந்த புல்வெளிக்கு 9. சாதாரண நவம்பர் ஈரத்துக்கு 12. முழங்கால் வரை தெறிக்கும் சேற்றுக்கு 15. பையில் 9-உம் 15-உம் ஒவ்வொரு செட் வைத்திருந்தால் எந்த நாளையும் சமாளிக்கலாம். ஆணிகளைத் திருகும் சின்னச் சாவி காலணியோடு வரும், அதைத் தொலைக்காமல் வைத்திருப்பதே ஒரு கலை. திருகும் முன் ஆணியின் மரையில் துளி வாசலைன் தடவுங்கள். இல்லையென்றால் ஜனவரியில் துருப்பிடித்து, சாவி சுற்றச் சுற்ற ஆணி தலை மழுங்கி அங்கேயே குடியிருக்கும். விரலால் முதல் இரண்டு சுற்று சுற்றி, நேராக ஏறுகிறது என்று உறுதியான பிறகுதான் சாவியைப் போடவேண்டும். போட்டிக்கு முந்தின இரவே இதை முடித்துவிடுங்கள், குளிரில் மரத்த விரலால் திருகுவது பெரும்பாடு.

புது ஸ்பைக்ஸை நேராகப் போட்டிக்குப் போடாதீர்கள். குதிகால் தாழ்வாக இருப்பதால் கெண்டைக்காலும் குதிநரம்பும் இரண்டு நாள் பிடித்துக்கொள்ளும். பயிற்சியில் இரண்டு மூன்று முறை, புல்வெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு ஓடிப் பழகிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

இதற்கென்று பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தால், அதில் ஒரு நாளைச் சாலையிலிருந்து புல்லுக்கு மாற்றுங்கள். மேடு பள்ளமான இடமாகத் தேடிப் பிடியுங்கள். இன்னொரு நாள் ஒரு நிமிடம் ஏறக்கூடிய மேட்டைக் கண்டுபிடித்து ஆறு முறை ஏறி மெதுவாக இறங்குங்கள், வாரம் போகப் போக எட்டு, பத்து என்று கூட்டலாம். இறக்கத்தையும் பழக வேண்டும், பெரும்பாலானோர் அதை விட்டுவிடுகிறார்கள். கடைசி இரண்டு முறை இறங்கும்போது கொஞ்சம் வேகமாக இறங்கிப் பாருங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் கணுக்கால் பலம் கூடும்.

போட்டி நாள்

பெரும்பாலான லீக் ஓட்டங்கள் சனிக்கிழமை பகலில் நடக்கும். சிறுவர் ஓட்டங்கள் முதலில், பிறகு பெண்கள், ஆண்கள் என்று ஒரே மைதானத்தில் வரிசையாக நடத்துகிற லீக்கும் உண்டு, தனித்தனி இடத்தில் வைக்கிற லீக்கும் உண்டு. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் எதுவும் தாமதமாகாது. தூரம் லீக்குக்கு லீக் வேறு: ஆண்களுக்கு 8 அல்லது 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 அல்லது 8 என்பது பழைய வழக்கம், இருவருக்கும் ஒரே தூரம் வைப்பது இப்போது கூடிவருகிறது.

ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இட்லி நல்லது. சாம்பாரை அளவோடு ஊற்றிக்கொள்ளுங்கள், பருப்பு அந்த மேட்டில் உங்களை மறக்காது. பொங்கலும் வடையும் திரும்பி வந்த பிறகு.

பையில் என்ன இருக்கவேண்டும்: கிளப் பனியன், காலணி, ஆணிகளும் சாவியும், நம்பர் குத்த நான்கு ஊக்குகள் (அங்கே கிடைக்கும் என்று நம்பாதீர்கள்), கையுறை, துண்டு, மாற்றுச் சாக்ஸ், உள்ளாடை வரை முழு மாற்று உடை, சேறு பட்ட எல்லாவற்றையும் போட ஒரு பெரிய குப்பைப் பை. ஓட்டம் முடிந்ததும் போட்டுக்கொள்ள ஒரு கனமான மேலங்கி. ஃபிளாஸ்க்கில் டீ. உடை மாற்ற அறை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளப் கொடி நட்ட கூடாரம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும், போனதும் முதலில் அங்கே நில்லுங்கள்.

குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். கேப்டனிடம் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சில லீக்குகளில் சீசன் முழுக்க ஒரே நம்பர்தான், அதைத் தொலைக்காதீர்கள். நெஞ்சில், நாலு மூலையிலும் குத்துங்கள். மடிக்கவோ விளம்பரத்தைக் கத்தரிக்கவோ கூடாது. நீங்கள் முடித்ததைப் பதிவு செய்யும் சிப்பைக் கணுக்காலில் கட்டக் கொடுத்தால் சாக்ஸுக்கு மேலே கட்டுங்கள், வெறும் தோலில் கட்டினால் சேறும் பட்டையும் சேர்ந்து உரித்துவிடும். இயர்போன் பெரும்பாலான இடங்களில் தடை, பின்னால் வருபவரின் காலடி கேட்பது உங்களுக்கும் நல்லது.

அப்புறம், தடத்தைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வட்டத்தை இரண்டு மூன்று சுற்று ஓடுவதுதான். உடம்பைச் சூடேற்ற ஓடும் ஓட்டத்தையே அதில் ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளலாம். எங்கே குறுகுகிறது, எங்கே திரும்புகிறது, எந்தப் பக்கம் புல் இன்னும் மிதிபடாமல் இருக்கிறது என்று பாருங்கள். கடைசி 300 மீட்டரைக் கட்டாயம் நடந்து பார்க்கவேண்டும். 1876-இல் இங்கிலாந்தில் முதல் தேசிய கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தை எப்பிங் காட்டில் வைத்தார்கள். ஓடியவர்கள் வழிதவறிப் போனதால் ஓட்டத்தையே செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் நடந்ததைத்தான் முதலாவதாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இப்போது வழிகாட்ட நாடாவும் கொடியும் இருக்கின்றன, தடத்தில் நின்று வழி சொல்லும் மார்ஷல்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் முன்னால் ஓடுபவரின் முதுகைப் பார்த்தே ஓடினால், அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள்.

இந்த மைதானங்கள் எல்லாம் பொதுமக்களுக்கும் திறந்தவை. நாய், குழந்தை வண்டி, குதிரை எல்லாம் குறுக்கே வரும். விம்பிள்டன் காமனில் சிவப்பு மேலாடை போட்டவர்கள் தெரிந்தால் அவர்கள் கோல்ஃப் ஆடுகிறவர்கள். அங்கே கோல்ஃப் ஆட சிவப்பு உடை கட்டாயம். பந்து பறக்கும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிரில் நிற்கும் நேரம் ஓடும் நேரத்தைவிட அதிகம். அதனால் மேலங்கியைத் தொடக்கக் கோட்டுக்குப் போகும் வரை கழற்றாதீர்கள், கழற்றியதும் ஓடாத யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பனியன், கையுறை, அரைக்கால் சட்டை போதும். முதல் கிலோமீட்டரில் குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த விளையாட்டை ஏன் குளிர்காலத்தில் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது முனகினால், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கைச் சொல்லுங்கள். ஜூலை மாத வெயிலில் வைத்தார்கள். கிளம்பிய 38 பேரில் முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்து வீரர் பாவோ நூர்மி ஒன்றுமே நடக்காதவர் போல வந்து ஜெயித்தார், மற்றவர்களில் பலர் வழியில் மயங்கி விழுந்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து கிராஸ் கன்ட்ரியைத் தூக்கிவிட்டார்கள்.

கிளம்புதல்

காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, நுனியைக் கயிற்றுக்கு அடியில் செருகுங்கள். சேறு காலணியை உறிஞ்சி இழுக்கும், தளர்வாக இருந்தால் கழன்று அங்கேயே நின்றுவிடும். சிலர் காலணியைச் சுற்றி டேப் ஒட்டுவார்கள். பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்யும்.

தொடக்கத்தில் கூட்டத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் நில்லுங்கள், ஆனால் கடைசி வரிசையில் வேண்டாம். அகலமான புல்வெளியில் தொடங்கி நூறிருநூறு மீட்டரில் தடம் குறுகும். அதற்குள் எல்லாரும் இடம் பிடிக்கப் பாய்வார்கள். ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் பார்லிமென்ட் ஹில் தொடக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோட்டிலிருந்தே ஏற்றம், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மேட்டை நோக்கி ஓடும், மேலே போகப் போக நெருக்கும். 2018-இல் தேசியப் போட்டி அங்கே நடந்தபோது ஆண்கள் ஓட்டத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் ஓடினார்கள்.

இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்கலாம். பாய்ந்து போனால் முதல் மேட்டிலேயே மூச்சு முட்டும். மிக மெதுவாகப் போனால் குறுகும் இடத்தில் கூட்டத்தோடு நின்று வரிசையில் நடக்க வேண்டியிருக்கும். என் யோசனை, முதல் இரண்டு நிமிடம் உங்கள் ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போங்கள், குறுகலைத் தாண்டியதும் வேண்டுமென்றே மூச்சை ஆற்றுங்கள். முழங்கைகளைக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது இடிப்பார்கள். மன்னிப்பும் கேட்பார்கள். நிற்கவேண்டாம்.

ஓடும்போது

ஏற்றத்தில் அடியைச் சிறிதாக்குங்கள், கண் நாலைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும், உச்சியைப் பார்க்காதீர்கள். வேகத்தைக் காப்பாற்ற முயலவேண்டாம், உழைப்பைச் சமமாக வைத்தால் போதும். செங்குத்தான இடத்தில் முழங்காலில் கை ஊன்றி நடப்பது ஓடுவதைவிட மெதுவாக இருக்காது, யாரும் கேலி செய்யவும் மாட்டார்கள். முக்கியமானது உச்சி. எல்லாரும் மேலே ஏறியதும் ஒரு கணம் தளர்வார்கள். உச்சியைத் தாண்டி இருபது காலடி வரை அழுத்தத்தை விடாமல் போனால் இரண்டு மூன்று பேரைத் தாண்டிவிடலாம்.

இறக்கத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றினால்தான் வழுக்கும். உடம்பைச் சரிவோடு முன்னால் விட்டு, அடிகளைச் சிறிதாக, வேகமாக வையுங்கள். கைகளைப் பரப்பிக்கொண்டு இறங்குவது அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் சமநிலைக்கு உதவும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவின் நடுவில் குறைக்க நினைத்தால் கால் போய்விடும்.

சேற்றைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்லவேண்டும். சேறு பலவகை. மேலே மினுங்கும் தண்ணீர், கீழே உறுதியான மண் என்றால் நேராக நடுவில் ஓடுங்கள். எல்லாரும் ஓரமாக ஒதுங்குவார்கள், ஓரம் சரிவாக இருக்கும், அங்கேதான் வழுக்கி விழுவார்கள். நிறைய பேர் மிதித்துக் குழைந்து, அடிச்சுவடு கூட மூடிக்கொள்கிற களிமண் சேறு வேறு. அதில் ஏற்கெனவே மிதித்த பள்ளத்தில் கால் வைக்காமல், இரண்டு அடி தள்ளி, புல் வேர் மிச்சமிருக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். நாடாவுக்குள் இருக்கும் வரை தடத்தின் எந்தப் பக்கமும் போகலாம், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் சுற்றில் நன்றாக இருந்த ஓரம் மூன்றாவது சுற்றில் கூழாகியிருக்கும், ஒவ்வொரு சுற்றும் புதிதாகப் பார்க்க வேண்டும். சேற்றில் நீளடி வைத்தால் பின்கால் வழுக்கி வீணாகும். முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, பாதத்தைத் தட்டையாக வைத்து, சட்டென்று எடுக்கவேண்டும். காலணி கழன்றுவிட்டதா? முடியுமானால் உடனே ஓரமாக ஒதுங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலணியோடு ஓடி முடித்தவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு, அவர்கள் அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

காட்டுப்பாதையில் இலைக்கு அடியில் வேர் இருக்கும். காலை இழுக்காமல் தூக்கி வையுங்கள், முன்னால் ஓடுபவருக்கு மிக அருகில் போகாதீர்கள், தரை தெரியாது. சிறிய ஓடை வந்தால் தாண்டிக் குதிக்க நினைக்காமல் அடியெடுத்து இறங்கி ஏறிவிடுங்கள், சாக்ஸ் எப்படியும் நனைந்துதான் இருக்கிறது. கிடக்கும் மரத்தின்மேல் கால் ஊன்றாமல் தாண்டுங்கள், ஈர மரத்தில் ஆணிகூட நிற்காது. சரளையும் கெட்டிப் பாதையும் வந்தால் உங்கள் சாலைக் கால்களுக்கு வேலை வந்துவிட்டது. சேற்றில் உங்களைத் தாண்டிய பழைய ஆட்களை இங்கே திரும்பப் பிடிக்கலாம்.

நடுச்சுற்றில்தான் மனம் தளரும். மூச்சும் இல்லை, முடிவும் தெரியாது. அப்போது நேரத்தை நினைக்காமல், முன்னால் தெரிகிற ஒரு பனியன் நிறத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் துரத்துங்கள். பிடித்துவிட்டால் பக்கத்திலேயே ஓடாமல் தயங்காமல் தாண்டிப் போங்கள், இல்லையென்றால் அவர் உங்களோடு ஒட்டிக்கொள்வார். உங்கள் கிளப்காரர் என்றால் "வா, சேர்ந்து போகலாம்" என்று ஒரு வார்த்தை போதும்.

விழுந்தால் எழுந்து ஓடுங்கள். கணுக்கால் மடங்கி ஊன்றமுடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள், அருகிலுள்ள மார்ஷலிடம் நம்பரைச் சொல்லுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் உங்களைக் காட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தால் நின்று கேட்பது வழக்கம்.

முடிவுக் கோடு

கடைசி நேர்ப்பாதையில் நாடா இருபுறமும் நெருங்கும், கடைசியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடிகிற குறுகிய வழி வரும். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு அந்த வழியில் யாரையும் முந்தக்கூடாது, நிற்கவும் கூடாது. வந்த வரிசை அப்படியே இருந்தால்தான் இடக்கணக்கு சரியாக வரும். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடத் தோன்றும். அதிகாரி முதுகில் தட்டி "நடங்கள், நடங்கள்" என்பார். நம்பர் சேற்றில் மறைந்திருந்தால் கையால் துடைத்துக் காட்டுங்கள். சில லீக்குகளில் இன்னமும் இட எண் போட்ட அட்டையோ வில்லையோ கையில் கொடுப்பார்கள். அதை உடனே கேப்டனிடம் கொடுங்கள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

ஓடி முடித்த ஐந்து நிமிடத்தில் உடம்பு சில்லிட ஆரம்பிக்கும். பேச்சு, புகைப்படம் எல்லாம் பிறகு. முதலில் ஈரப் பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள், பிறகு சாக்ஸ், பிறகு டீ. கூடாரத்தில் யாராவது வீட்டில் செய்த கேக் கொண்டுவந்திருப்பார்கள். நம் வீட்டு முறுக்கு ஒரு டப்பா கொண்டுபோனால் அடுத்த தடவையும் கேட்பார்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கிளப்காரர்களுக்குக் கத்தி உற்சாகம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலணியைத் தோட்டக் குழாயில் கழுவி, ஆணிகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி, உள்ளே செய்தித்தாள் திணித்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ரேடியேட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். வாஷிங் மெஷினில் போடும் முன் துணியில் உள்ள சேற்றை வாளியில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் வடிகுழாய் அடைத்துக்கொண்டு வீட்டில் வேறு ஒரு போட்டி தொடங்கும்.

அன்று மாலையோ மறுநாளோ தற்காலிக முடிவுகள் வரும். உங்கள் பெயர், இடம், கிளப் மூன்றும் சரியா என்று பாருங்கள். நம் பெயர்களை அவர்கள் எழுதும் விதத்தில் எழுத்து மாறிப்போவது சகஜம், அது பரவாயில்லை. கிளப் மாறியிருந்தாலோ இடமே விட்டுப்போயிருந்தாலோ அன்றே கேப்டனிடம் சொல்லுங்கள். திருத்தக் கொடுக்கிற அவகாசம் சில நாள்தான், அதற்குப் பிறகு பட்டியலை இறுதியாக்கிவிடுவார்கள்.